இணையக் கடைக்குக் காம்போ மென்பொருள்: உறுப்பினர்களின் கேள்விகளும் பதில்களும்

சொந்தமாக இணையக் கடை நடத்தும் உறுப்பினர்கள், இரண்டு மூன்று பொருட்களைச் சேர்த்து ஒரே விலையில் காம்போவாக விற்க உதவும் ஆப்கள், பிளக்இன்கள் (கடை மென்பொருளோடு இணைத்துக்கொள்ளும் துணை நிரல்கள்) குறித்து அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். காம்போ கடைப் பக்கத்தில் எப்படித் தெரியும் என்றுதான் பலரும் கேட்டிருந்தார்கள். நான் பார்ப்பது ஆர்டர் விழுந்த பிறகு ஸ்டாக்கிலும் பில்லிலும் ரிட்டனிலும் என்ன நடக்கிறது என்பதை. ஒரு மென்பொருளுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு அங்கேதான் வெளிப்படும்.

கேள்வி (ஈரோடு, படுக்கை விரிப்பு, துண்டு விற்பனை): வணக்கம் ஐயா. எங்கள் கடை ஷாப்பிஃபை என்ற இணையக் கடைத் தளத்தில் இயங்குகிறது. ஒரு விரிப்பு, இரண்டு தலையணை உறை, இரண்டு துண்டு என்று ஒரே ஒரு செட்தான் விற்கப் போகிறோம். மாதக் கட்டணம் கட்டி ஆப் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஷாப்பிஃபை நிறுவனமே இலவசமாக வழங்கும் 'ஷாப்பிஃபை பண்டில்ஸ்' ஆப், எந்தெந்தப் பொருள் எத்தனை என்று முன்கூட்டியே முடிவான செட்டுகளுக்கும், ஒரே பொருளை மூன்று, ஆறு என்று கட்டி விற்பதற்கும் போதுமானது. வாடிக்கையாளர் தாமே பொறுக்கிச் சேர்க்கும் பெட்டி வேண்டும் என்றால்தான் வெளியார் ஆப்களைத் தேட வேண்டிவரும். அப்படித் தேடும்போது, அந்த ஆப் ஷாப்பிஃபையின் செக்அவுட்டுக்குள்ளேயே (வாடிக்கையாளர் பணம் கட்டும் பக்கம்) விலையைக் கணக்கிடுகிறதா, அல்லது பழைய முறைப்படி பின்னால் ஒரு தள்ளுபடி கூப்பனை உருவாக்கி ஒட்டுகிறதா என்று அவர்களிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். இரண்டாவது வகையில், வாடிக்கையாளர் கையில் வைத்திருக்கும் பண்டிகைக் கூப்பன் செல்லாமல் போவது அடிக்கடி நடக்கும். அந்தக் கோபம் ஆப் செய்தவரிடம் போகாது, உங்களிடம்தான் வரும்.

கேள்வி (காரைக்குடி, பலகாரம்): தீபாவளிப் பெட்டி ஒன்றைத் தனிப் பொருளாகப் போட்டு, 50 என்று ஸ்டாக் கொடுத்திருந்தோம். அதே முறுக்கும் அதிரசமும் தனியாகவும் விற்றதால், கையில் சரக்கு இல்லாமல் பெட்டிக்கு ஆர்டர் எடுத்துவிட்டோம். இதைத் தடுக்கும் மென்பொருள் எது?

பதில்: பெட்டிக்கென்று தனி ஸ்டாக் எண்ணே இருக்கக்கூடாது. உள்ளே இருக்கும் பொருட்களின் ஸ்டாக்கிலிருந்து பெட்டியின் எண்ணிக்கையை அந்தந்த நொடியில் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருளை மட்டுமே எடுங்கள். ஒரு பெட்டியில் முறுக்கு 2 பொட்டலம், அதிரசம் 1, எவர்சில்வர் டப்பா 1 என்று வைத்துக்கொள்வோம். முறுக்கு 40, அதிரசம் 25, டப்பா 9 கையில் இருந்தால், முறுக்கைக் கொண்டு 20 பெட்டியும் அதிரசத்தைக் கொண்டு 25 பெட்டியும் கட்டலாம் என்றாலும், டப்பா 9தான் என்பதால் கடையில் 9 பெட்டி மட்டுமே காட்ட வேண்டும். யாராவது ஒருவர் டப்பாவைத் தனியாக வாங்கினால் அது உடனே 8 ஆக வேண்டும். விற்பவரின் விளக்கக் காணொளியை நம்பாமல், சோதனைக் காலத்தில் நீங்களே டப்பாவை ஒன்று குறைத்து, கடைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

அமேசான், ஃப்ளிப்கார்ட் ஆகியவற்றிலும் இதே சரக்கை விற்கிறீர்கள் என்றால் கடையில் போடும் ஆப் மட்டும் போதாது. எல்லா இடத்துக்கும் ஒரே கணக்கு வைத்திருக்கும் சரக்கு மென்பொருளில்தான் பெட்டியின் உள்ளடக்கம் பதிவாக வேண்டும். ஜோஹோ இன்வென்டரியில் 'காம்போசிட் ஐட்டம்' என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. டேலி கணக்கு மென்பொருளிலும் 'பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்' (ஒரு பெட்டிக்குள் எது எத்தனை என்ற பட்டியல்) கொண்டு செய்யலாம். ஆனால் டேலி முறை, பெட்டிகளை முன்கூட்டியே கட்டி அடுக்கி வைப்பவர்களுக்குத்தான் பொருந்தும். ஆர்டர் வந்த பிறகு கட்டுபவர்களுக்கு அது கூடுதல் வேலை.

கேள்வி (கோவை, காப்பித்தூள்): ஒரு கிலோ காப்பித்தூளையும் மின்சாரக் காப்பி கிரைண்டரையும் சேர்த்து ஒரே விலையில் விற்க நினைக்கிறோம். ஜி.எஸ்.டி. பில் எப்படி வரும்? மென்பொருள் அதைப் பார்த்துக்கொள்ளுமா?

பதில்: இந்தக் கேள்வியை ஆப் வாங்குவதற்கு முன்பே கேட்டீர்களே, மகிழ்ச்சி. வெளிநாட்டில் எழுதப்பட்ட பெரும்பாலான ஆப்களுக்கு இந்த விஷயமே தெரியாது.

மத்திய ஜி.எஸ்.டி. சட்டம், 2017, பிரிவு 2(74), இயல்பாகச் சேர்ந்தே விற்கப்படாத பொருட்களை ஒரே விலைக்கு ஒன்றாக விற்பதைக் கலப்பு வழங்கல் என்கிறது. இனிப்பு, சாக்லேட், உலர்பழம், குளிர்பானம் அடங்கிய பெட்டியைச் சட்டமே அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது. பிரிவு 8-இன்படி, அப்படிப்பட்ட பெட்டி முழுவதற்கும், உள்ளே இருப்பவற்றில் எதற்கு வரி விகிதம் அதிகமோ அந்த விகிதமே பொருந்தும். காப்பித்தூளுக்கு 5 சதவீதம், கிரைண்டருக்கு 18 சதவீதம். வரிக்கு முந்தைய விலையாகத் தூள் 700 ரூபாய், கிரைண்டர் 2,300 ரூபாய் என்று கொண்டால், ஒரே விலையாக 3,000 ரூபாய்க்கு விற்கும்போது வரி 540 ரூபாய். தனித்தனி வரியாகப் பில்லில் காட்டினால் 35-உம் 414-உம் சேர்ந்து 449 ரூபாய். ஒரு பெட்டிக்கு 91 ரூபாய் வித்தியாசம். காப்பித்தூள் வியாபாரத்தில் இது சின்னத் தொகை அல்ல.

ஆகவே உங்களுக்கு வேண்டியது, ஆர்டரில் காம்போவைப் பிரித்து, ஒவ்வொரு பொருளையும் அதன் எச்.எஸ்.என். எண் (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் குறியீடு), தனி விலை, தனித் தள்ளுபடி, தனி வரி விகிதத்தோடு பில்லுக்கு அனுப்பும் மென்பொருள். பில்லிலேயே குறிப்பிடப்படும் தள்ளுபடியைப் பிரிவு 15(3) வரி மதிப்பிலிருந்து கழிக்க அனுமதிக்கிறது. ஆனால் விளம்பரத்தில் 'எல்லாம் சேர்த்து ஒரே விலை' என்று பெரிதாகப் போட்டுவிட்டுப் பில்லில் மட்டும் பிரித்துக் காட்டுவது வாதத்துக்கு இடம் தரும் என்பதால், கடைப் பக்கத்திலும் தனித்தனி விலையைக் காட்டிவிட்டு, உங்கள் ஆடிட்டரிடம் ஒரு மாதிரிப் பில்லைக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். எல்லாப் பொருளுக்கும் ஒரே விகிதம் என்றால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

இன்னொன்று: பெட்டியை முன்கூட்டியே கட்டி, சீல் வைத்து விற்றால், 2011-ஆம் ஆண்டின் சட்ட எடையளவு பொட்டலப் பொருள் விதிகளும் குறுக்கே வரும். வெவ்வேறு பொருட்கள் அடங்கிய பொட்டலத்தை அந்த விதிகள் தனி வகையாகவே வரையறுக்கின்றன. லேபிள் அச்சடிக்கும் முன் அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (திருப்பூர், டி-சர்ட்): 'எந்த மூன்று எடுத்தாலும் 999' என்று போட வேண்டும். ஒன்றின் விலை 399. இதற்கு எந்தக் காம்போ ஆப் நல்லது சார்?

பதில்: இது காம்போவே அல்ல, அளவுத் தள்ளுபடி. ஆப் இல்லாமலும் ஓரளவு செய்யலாம்: ஷாப்பிஃபையின் தானியங்கித் தள்ளுபடியில், குறைந்தது மூன்று வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் 66 ரூபாய் குறையும்படி அமைத்தால் 1,197 ரூபாய் 999 ஆகிவிடும். நான்காவது டி-சர்ட்டுக்கும் அந்த 66 ரூபாய் குறையும் என்பதுதான் ஒரே குறை. அதை நீங்கள் பொறுத்துக்கொள்ளலாம் என்றால் ஆப் செலவு மிச்சம்.

கேள்வி (மதுரை, புத்தகக் கடை): எங்கள் கடை இயங்கும் வூகாமர்ஸ் மென்பொருளில் ஏற்கெனவே 'குரூப்டு பிராடக்ட்' வசதி இருக்கிறதே, அது போதாதா?

பதில்: போதாது. அது பல புத்தகங்களை ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டும், அவ்வளவுதான். மொத்தத்துக்கு ஒரு விலை வைக்க முடியாது, வாடிக்கையாளர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடலாம். தொகுப்பு விலை வேண்டுமென்றால், ஆண்டுச் சந்தாவில் கிடைக்கும் 'பிராடக்ட் பண்டில்ஸ்' நீட்சியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை உண்டா, தனியாக அனுப்பப்படுமா என்று அதில் குறிக்கலாம். புத்தகத்தில் எடையை வைத்துத்தான் கூரியர் கட்டணம் என்பதால் அந்த இரண்டாவது அமைப்பைக் கவனமாகக் குறியுங்கள்.

கேள்வி (சென்னை, சருமப் பராமரிப்புப் பொருட்கள்): காம்போவில் ஒன்றை மட்டும் திருப்பி அனுப்புகிறார்கள். எவ்வளவு பணம் திருப்பித் தருவது?

பதில்: தள்ளுபடியை விலை விகிதப்படி பொருட்களுக்குப் பகிர்ந்து வைக்கும் மென்பொருள் என்றால் கணக்கு தானே வந்துவிடும். 600 ரூபாய் சீரமும் 400 ரூபாய் கிரீமும் சேர்ந்து 850-க்கு விற்றிருந்தால், சீரத்தின் பங்கு 510, கிரீமின் பங்கு 340. கிரீம் திரும்பினால் 340 தர வேண்டும். அப்படித் தந்தால் சீரம் மட்டும் 510-க்குப் போனதாக ஆகும். அதைத் தவிர்க்க விரும்பினால், ஒன்று திரும்பினால் காம்போ சலுகை ரத்தாகி 250 ரூபாய் மட்டுமே கிடைக்கும் என்ற நிபந்தனையை வாங்கும் முன்பே வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதுங்கள். மென்பொருள் 340 என்று காட்டினாலும் தொகையைக் கையால் மாற்ற முடிகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

சி.ஓ.டி. ஆர்டரை (பொருள் கைக்கு வரும்போது பணம் தருவது) வாங்க மறுத்து முழுப் பெட்டியும் திரும்பி வந்தால், அது பெட்டியாக ஏறாமல் சீரமாகவும் கிரீமாகவும் பிரிந்து ஸ்டாக்கில் ஏற வேண்டும் என்பது முக்கியம். இலவசச் சோதனைக் காலம் முடிவதற்குள் ஒரு ஆர்டர் போட்டு, அனுப்பி, பாதியைத் திருப்பி, இன்னொன்றை முழுதாக ரத்து செய்து, ஒவ்வொரு படியிலும் ஸ்டாக் எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பணம் செலுத்தும் பகுதிக்கு, இணையப் பணப் பரிவர்த்தனைச் சேவையான ரேசர்பேயின் சோதனை நிலையே போதும், கைக்காசு போடத் தேவையில்லை.