பழைய மாருதி 800-க்கு வீட்லயே என்னென்ன பராமரிப்பு பண்ணலாம்?

செகண்ட் ஹேண்ட்ல 800 வாங்கிருக்கீங்க, மெக்கானிக்கிட்ட போகாம எதெல்லாம் நாமளே பாக்கலாம்னு கேட்டிருக்கீங்க. நிறையவே பாக்கலாம், 796 சிசி குட்டி இன்ஜின்தானே, பானட்ட தொறந்தா எல்லாமே கைக்கு எட்டும்.

முதல்ல கூலன்ட், அதாவது இன்ஜின் சூட்ட தணிக்கிற தண்ணி மாதிரி திரவம். இந்த வயசு வண்டில ரப்பர் ஹோஸ் காஞ்சு வெடிச்சிருக்கும், கிளாம்ப் ஓரத்துல கசியும், அத கவனிக்காம ஓட்டி இன்ஜின் ஓவர்ஹீட் ஆச்சுன்னா ஹெட் கேஸ்கட் (இன்ஜினோட மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவுல கசியாம அடைக்கிற தகடு) போயிரும், செலவு எங்கயோ போயிரும். அதனால காலைல இன்ஜின் ஜில்லுனு இருக்கும்போது லெவல் பாருங்க, சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய தயவுசெஞ்சு தொறந்துடாதீங்க, கொதிக்கிற தண்ணி மூஞ்சில அடிச்சிரும். வெறும் குழாய்த்தண்ணி ஊத்தாதீங்க, உள்ள துரு புடிக்கும்.

இன்ஜின் ஆயில் பாக்க வண்டி சமதரைல நிக்கணும், இன்ஜின ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் விட்டு, டிப்ஸ்டிக்க (ஆயில் அளவு பாக்கற கம்பிய) எடுத்து துடைச்சு திரும்ப விட்டு எடுங்க, ரெண்டு குறிக்கும் நடுவுல இருந்தா போதும். பால் காப்பி மாதிரி கலங்கி இருந்தா கூலன்ட் கலந்திருக்கலாம், வண்டிய எடுக்காதீங்க, மெக்கானிக்க வரச்சொல்லுங்க.

பேட்டரி டெர்மினல்ல வெள்ளையா பூத்திருந்தா மைனஸ் கம்பிய முதல்ல கழட்டிட்டு, ஆப்ப சோடா கலந்த வெந்நீர்ல பழைய பிரஷ் வச்சு தேய்ச்சு, காயவச்சு வாசலின் தடவுங்க. மாட்டும்போது மைனஸ் கடைசி.

டயர் பட்டன் (ரோட்டுல படுற மேல் பாகம்) தேயாம நல்லா இருந்தாலும் பக்கவாட்டுல இருக்கற நாலு இலக்க எண்ண பாருங்க, 2316னா 2016ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது, அவ்ளோ பழசுன்னா மாத்திருங்க.

பிரேக்க மட்டும் நீங்களா பிரிக்காதீங்க. வெறும் ஜாக்கிய நம்பி வண்டிக்கடியில படுக்கவும் வேண்டாம்.