வயதான பூனைக்கு ஈரல் கெட்டுவிட்டது என்கிறார்கள், நான்கு நாளாகச் சாப்பிடவும் இல்லை. வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

12 வயது, 4 கிலோ, காதின் உட்புறம் மஞ்சள், ஒரு ரத்தப் பரிசோதனை, கையில் ஒரு டானிக் பாட்டில். இவ்வளவும் எழுதிவிட்டு நடுவில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்: "பசி வந்தால் தானாகச் சாப்பிடும் என்று விட்டிருக்கிறோம்." நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான்.

பூனை விஷயத்தில் அப்படி விடவே கூடாது. நாய் மூன்று நாள் பட்டினி கிடந்தால் இளைக்கும், அவ்வளவுதான். பூனை பட்டினி கிடந்தால் உடம்பில் இருக்கிற கொழுப்பெல்லாம் கரைந்து ஈரலுக்கு ஓடும். அதை எரித்து வெளியே அனுப்பத் தேவையான புரதம் அதனிடம் இருக்காது, ஈரலின் செல்களே கொழுப்பால் நிறைந்துபோகும். பிறகு குமட்டல் வரும், குமட்டலால் இன்னும் சாப்பிடாது. முதலில் சாப்பாட்டை நிறுத்தியது பல்வலியாகவோ கணைய அழற்சியாகவோ பித்தக்குழாய்த் தொற்றாகவோ இருக்கலாம். நான்காம் ஐந்தாம் நாளில் அதன்மேல் இந்தக் கொழுப்பு ஈரல் நோயும் ஏறி உட்கார்ந்துவிடும். குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம் வரும். ஆகவே எந்த ஈரல் நோய் என்று கண்டுபிடிக்கும் வேலை ஒரு பக்கம் நடக்கட்டும், இன்றைக்கே வயிற்றுக்குள் சாப்பாடு போக வேண்டும். மருந்தெல்லாம் அதற்கு அடுத்துதான்.

"டாக்டர் சொல்ல வேண்டியதை நீ ஏன் சொல்கிறாய்" என்று கீழே வந்து கேட்கப்போகிறவர்களுக்கு: மருத்துவரைப் பார்க்க வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பார்க்கும்போது என்ன கேட்க வேண்டும், வீட்டுக்கு வந்த பிறகு எது தப்பாகப் போகும் என்பதற்குத்தான் இந்தப் பதில்.

எவ்வளவு சாப்பாடு? எடையின் முக்கால் அடுக்கை 70 ஆல் பெருக்குவது மருத்துவர்களின் கணக்கு. அதன்படி 3 கிலோ பூனைக்கு நாளுக்கு ஏறக்குறைய 160 கிலோகலோரி, 4 கிலோவுக்கு 200, 5 கிலோவுக்கு 235. ஆனால் பட்டினி கிடந்த பூனைக்கு முதல் நாளே 200 கொடுத்துவிடாதீர்கள். முதல் நாள் 50, அடுத்த நாள் 100, பிறகு 150, நான்காம் நாள் 200. திடீரென்று உணவு இறங்கினால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்பட்டு ரத்தத்தில் சரிந்துவிடும். பாஸ்பரஸ் மிகவும் குறைந்தால் சிவப்பணுக்கள் உடையும், பொட்டாசியம் குறைந்தால் கழுத்து தொங்கும். தலையைத் தூக்க முடியாமல் மோவாய் மார்பில் படுகிற மாதிரி உட்கார்ந்தால் அது சோர்வு இல்லை, உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அடையாளம். தயமின் என்ற வைட்டமின் பி1 குறைந்தாலும் இதே மாதிரி தொங்கும். முதல் நான்கு நாளில் ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் இரண்டையும் ஒரு முறையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

எப்படி ஊட்டுவது? வாயைப் பிளந்து சிரிஞ்சால் பீய்ச்சுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஓரிரு நாளுக்குத் தாக்குப் பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் இரண்டு கெடுதல். ஒன்று, நுரையீரலுக்குள் உணவு போய்விடும். இன்னொன்று, குமட்டிக்கொண்டிருக்கும்போது எதைத் திணிக்கிறோமோ அந்த உணவையே பூனை வெறுத்துவிடும். குணமான பிறகும் அந்த வாசனை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 200 கிலோகலோரியை வாய்வழியே திணிப்பது பூனைக்கும் உங்களுக்கும் தினசரிப் போர்.

அதனால் டியூப். மூக்கு வழியாகப் போடுவது மெல்லியது, மயக்க ஊசி தேவைப்படாது. ஆனால் தண்ணீர் போன்ற திரவ உணவுதான் அதில் இறங்கும், சில நாளுக்கு மேல் தாங்காது. கழுத்தின் பக்கவாட்டில் சிறு துளை போட்டு உணவுக்குழாயில் இறக்குகிற டியூப்தான் சரியானது. பூனைக்குப் பெரும்பாலும் 12 அல்லது 14 பிரெஞ்சு அளவு போடுவார்கள் (டியூபின் தடிமனைச் சொல்லும் அளவு அது). குறைந்த நேர மயக்கத்தில் முடிகிற வேலை. பார்க்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் பூனைக்கு அது பெரிய தொந்தரவு இல்லை. டியூபோடே தூங்கும், நடக்கும், வாயாலும் சாப்பிடும். உங்கள் ஊர் கிளினிக்கில் இந்த வசதி இல்லை என்றால் சென்னை வேப்பேரி மாதிரியான கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். போடுவதற்கு முன் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஈரலும் பித்தமும் கெட்ட பூனைக்கு ரத்தம் உறைவது தாமதமாகும்; ஊசி போட்டு நேரம் கொடுக்காமல் துளை போட்டால் கசிந்துகொண்டே இருக்கும். ஈரலில் ஊசி குத்தி மாதிரி எடுப்பதற்கும் இதே கதைதான்.

டியூபில் ஊட்டுகிற முறையைச் சொல்கிறேன், தப்பு நடப்பது இங்கேதான். டியூபில் கழுத்தோடு ஒட்டிய இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு வெளியே நகர்ந்திருந்தால் ஊட்டாதீர்கள், டியூப் இடம் மாறியிருக்கிறது. வாந்தி எடுத்த பிறகு கட்டாயம் பாருங்கள், வாந்தியோடு டியூப் முனை வாய்க்கு வந்துவிடுவது உண்டு. முதலில் 5 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர், மெதுவாக. இருமினால் நிறுத்துங்கள். பிறகு உணவு, கை சூட்டுக்கு மேல் போகக் கூடாது, ஃபிரிட்ஜ் குளிரும் ஆகாது, குளிர்ந்தால் வாந்தி வரும். 4 கிலோ பூனைக்கு ஒரு வேளைக்கு 20 மி.லி.யில் தொடங்கி 40 மி.லி. வரை, 10 முதல் 20 நிமிடம் எடுத்துக்கொண்டு. நாக்கால் உதட்டை நக்கினால், எச்சில் வடிந்தால், திரும்பத் திரும்ப விழுங்கினால் அன்றைய வேளை அதோடு போதும். முடிவில் 10 மி.லி. தண்ணீர் விட்டு மூடி போடுங்கள். இந்தக் கடைசித் தண்ணீரை விட்டால் மறுநாள் டியூப் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரை உள்ளே தள்ளி இழுத்துத் தள்ளி இழுத்துப் பாருங்கள், குச்சி கம்பி எதையும் விடாதீர்கள். மாத்திரையைத் திப்பி இல்லாமல் மாவாகப் பொடித்துக் கரைக்காவிட்டாலும் அடைக்கும். கழுத்துத் துளையை நாள்தோறும் பார்த்துத் துடைத்துக் கட்டு மாற்ற வேண்டும், கட்டுக்குள் இரண்டு விரல் நுழைகிற அளவு இளக்கம் இருக்கட்டும்.

இனி உணவு. சாதாரண கிரேவி பவுச்சை மிக்ஸியில் அடித்து வடிகட்டி ஊற்றினால் போதும் என்று நினைப்பார்கள், இங்கே கணக்கு உதைக்கும். 85 கிராம் பவுச்சில் மலிவானது என்றால் 45 கிலோகலோரி தேறாது, நல்லது என்றால் 65, 70 இருக்கும். அது டியூபில் இறங்க 40 மி.லி. தண்ணீர் சேர்த்தால் 125 மி.லி.க்கு 67 கிலோகலோரி. 200 எட்ட வேண்டுமானால் 370 மி.லி. ஊற்ற வேண்டும். ஒரு வேளைக்கு 40 மி.லி. என்றால் ஒன்பது வேளைக்கு மேல், யாராலும் முடியாது. "ஊட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், எடை இறங்கிக்கொண்டே போகிறது" என்பவர்கள் பலரின் வீட்டில் நடப்பது இதுதான். 1 மி.லி.க்கு 1 கிலோகலோரிக்குக் குறையாத, நோயிலிருந்து தேறும் பூனைகளுக்கான டின் உணவு வாங்குங்கள். 40 மி.லி. வீதம் ஐந்து வேளையில் முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் குட்டிப் பூனைக்கான, விழுது மாதிரி இருக்கும் பேட் (pâté) வகையில் கொழுப்பு அதிகமுள்ளதை எடுத்து, இறங்குகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள்.

பாக்கெட்டில் கலோரி போடாத கம்பெனிகளை என்ன சொல்வது! பூனை படம் போட இடம் இருக்கிறது, பளபளப்பான ரோமம் என்று எழுத இடம் இருக்கிறது, ஒரு எண் போட இடம் இல்லை. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். புரத சதவீதம், கொழுப்பு, ஈரப்பதம், சாம்பல், நார் எல்லாவற்றையும் 100லிருந்து கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5 ஆலும் கொழுப்பை 8.5 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கு எத்தனை கிலோகலோரி என்று வந்துவிடும். புரதம் 9, கொழுப்பு 5, மாவு 1.5 என்றால் 79.

"கொழுப்பு ஈரலாச்சே, கொழுப்பு கொடுக்கலாமா? ஈரல் நோய்க்குப் புரதம் ஆகாதே?" இரண்டும் மனிதர்களுக்குச் சொன்னதைப் பூனைமேல் ஏற்றுவது. பூனைக்குப் புரதம் குறைந்தால் ஈரல் தேறவே தேறாது. தயிர்சாதம், பால், கஞ்சி என்று இறங்கினால் இருக்கிற தசையும் கரையும். ஒரே ஒரு விலக்கு, அம்மோனியா மூளைக்கு ஏறிய பூனை. திடீரென்று எச்சில் ஒழுகும், சுவரை வெறிக்கும், மூலையில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும், வலிப்பும் வரலாம். அப்போது மருத்துவர் புரதத்தைத் தற்காலிகமாகக் குறைப்பார், லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி சிரப் தருவார். 4 கிலோவுக்கு 1 முதல் 2 மி.லி., நாளுக்கு இரண்டு மூன்று முறை, மலம் இளகலாக இரண்டு மூன்று தடவை போகும்படி. தண்ணீராகப் போனால் அளவைக் குறைக்க வேண்டும், நீர்ச்சத்து இறங்கினால் நிலைமை மோசமாகும்.

கீழாநெல்லியைச் சொல்லாமல் விட்டால் கமெண்டில் யாராவது கட்டாயம் எழுதுவார்கள். மஞ்சள் காமாலை என்றதும் அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம், அந்த மரபை நான் இகழவில்லை. ஆனால் பூனையின் கொழுப்பு ஈரலுக்குத் தேவை கலோரி, அது இலையில் இல்லை. கசப்பைத் திணித்தால் நுரை தள்ளும், இருக்கிற கொஞ்சப் பசியும் போகும், அதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். பாராசிட்டமால் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அதைக் கழிக்கும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு, ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை உயிரைக் குடிக்கும். "ஜுரமா, பாதி கொடுங்க" என்று மருந்துக்கடையில் சொன்னால் கேட்காதீர்கள்.

மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அளவு உங்கள் மருத்துவர் முடிவு. குமட்டலுக்கு மாரோபிடன்ட். பசிக்கு மிர்டாசபின், மனிதர்களுக்கான 7.5 மில்லிகிராம் மாத்திரையில் கால்வாசிதான், ஈரல் நோயில் ஒருநாள் விட்டு ஒருநாளோ இன்னும் இடைவெளி விட்டோ. அதிகமானால் இரவெல்லாம் கத்திக்கொண்டு நடக்கும். அது டியூபுக்கு மாற்று இல்லை. பி12 ஊசி, வாரம் 250 மைக்ரோகிராம். அர்சோடியாக்சிகோலிக் அமிலம் பித்தம் ஓட உதவும், ஆனால் பித்தக்குழாய் முழுதாக அடைத்திருந்தால் கூடாது. ஆகவே முதலில் ஸ்கேன், குழாயின் அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அடைப்பைச் சந்தேகிப்பார்கள். எஸ்ஏஎம்ஈ (SAMe) என்ற, ஈரலுக்குத் துணையாகத் தரும் மாத்திரை வெறும் வயிற்றில், உடைக்காமல். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் பின்னாலேயே 5 மி.லி. தண்ணீர், இல்லாவிட்டால் மாத்திரை தொண்டைக்குக் கீழே ஒட்டிப் புண்ணாக்கி உணவுக்குழாயையே சுருக்கிவிடும். ஸ்டீராய்டை எடுத்ததும் ஆரம்பிக்கிறார்கள் என்றால் ஏன் என்று கேளுங்கள். நாள்பட்ட பித்தக்குழாய் அழற்சியில் ஒரு வகைக்கு அது மருந்து, கிருமித் தொற்றுக்கும் கொழுப்பு ஈரலுக்கும் கெடுதல்.

ரத்தப் பரிசோதனைத் தாளில் ஏஎல்பி (ALP), ஜிஜிடி (GGT) என்று இரண்டு ஈரல் நொதிகள் இருக்கும். ஏஎல்பி ஏறி, ஜிஜிடி ஏறாமல் இருந்தால் அது கொழுப்பு ஈரலின் சாயல். இரண்டும் ஏறியிருந்தால் பித்தக்குழாய்ப் பக்கம் பார்க்க வேண்டும். 12 வயது என்பதால் தைராய்டு டி4 பார்க்கச் சொல்லுங்கள். வயதான பூனைக்குத் தைராய்டு மிகுந்தாலே ஏஎல்டி (ALT) என்ற இன்னொரு ஈரல் நொதி ஏறும், ஈரலில் பெரிய கோளாறு இல்லாமலேயே. சர்க்கரையையும் சந்தேகத்தோடு பாருங்கள். பயந்த பூனைக்கு ரத்தச் சர்க்கரை எகிறும். நம் ஊர்க் கிளினிக்குகளில் குரைக்கிற நாய்களின் மூக்குக்கு நேரே கூடையை வைத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, சர்க்கரை 250 என்றால் என்ன அர்த்தம்? பூனைக்குத் தனி மூலை ஒதுக்க ஒரு தடுப்புப் பலகை போதும், அதைச் செய்ய மனம் வருவதில்லை. கூடையைத் துண்டால் மூடி உயரமான இடத்தில் வையுங்கள், சர்க்கரை நோய் சந்தேகம் வந்தால் கடந்த சில வாரங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேறுகிறதா என்று எப்படித் தெரியும்? முதலில் இறங்க வேண்டியது ரத்தத்தில் இருக்கும் பிலிருபின், காதை மஞ்சளாக்குகிற நிறமி அதுதான். 7 முதல் 10 நாளில் பாதியாகக் குறைந்தால் நல்ல சகுனம். மற்ற எண்கள் வாரக்கணக்கில்தான் இறங்கும், மூன்று நாளைக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து அலைக்கழிக்க வேண்டாம். 10 கிராம் வித்தியாசம் காட்டும் எடை மெஷினில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வையுங்கள். கொழுப்பு ஈரல் என்றால் மூன்று முதல் ஆறு வாரம் டியூபோடு இருக்கத் தயாராகுங்கள். நடுவில் ஒருநாள் தானாக நாலு வாய் சாப்பிட்டதைப் பார்த்து டியூபை எடுக்கச் சொல்லாதீர்கள். எடை குறையாமல் ஒரு வாரத்துக்கு மேல் சொந்தமாகச் சாப்பிட்ட பிறகு எடுக்கலாம்.

ஈரலில் புற்று என்று வந்தால், அல்லது முழுக் கலோரி கொடுத்தும் பத்து நாளில் பிலிருபின் ஏறிக்கொண்டே போனால் வேறு பேச்சு பேச வேண்டியிருக்கும். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு, ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். 35க்கு மேல் இருந்தால் தொடரலாம் என்பது அவர் கணக்கு. வீட்டில் இருவர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள், ஊட்டுகிறவர் எப்போதும் கூடுதலாகவே போடுவார்.

கருணைக்கொலை என்று முடிவானால், முதலில் தூங்க வைக்கும் ஊசி, அது தூங்கிய பிறகு கடைசி ஊசி என்று இரண்டாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். கண் மூடாது, அதற்குப் பிறகும் ஓரிரு மூச்சு போல உடம்பு அசையலாம், அது உயிர் இல்லை. மருந்தின் மிச்சம் உடலில் இருக்கும், தெருநாய் தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து. புதைப்பதானால் 3 அடிக்குக் குறையாமல் குழி வெட்டி, மேலே கல் வையுங்கள்.