வைஃபை ஃபுல்லா காட்டுது ஆனா நெட் வரல, ஏன்? மோடம், ரவுட்டர், எம்பிபிஎஸ் (Mbps) இதெல்லாம் என்ன?

வைஃபை வேற, இன்டர்நெட் வேறங்க. இத மட்டும் புடிச்சுக்கிட்டீங்கன்னா மத்த வார்த்தையெல்லாம் ஈஸியா புரிஞ்சிரும். போன்ல தெரியுற கோடு, உங்க போனுக்கும் வீட்டுல இருக்குற பெட்டிக்கும் நடுவுல ரேடியோ சிக்னல் எப்படி இருக்குன்னு மட்டும்தான் சொல்லும், அந்த பெட்டிக்கு வெளியில இருந்து நெட் வந்து சேருதாங்கறது தனி கதை.

போன வருஷம் அம்மா ஊர்ல இருந்து போன் பண்ணி "கோடெல்லாம் நெறஞ்சு இருக்குடா, சீரியல்தான் சுத்திக்கிட்டே நிக்குது"ன்னாங்க. நானும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, வைஃபைய மறந்துட்டு திரும்ப பாஸ்வேர்ட் போடுங்கன்னு அர மணி நேரம் அவங்கள படுத்தி எடுத்துட்டேன், கடைசியாதான் பெட்டில என்ன லைட் எரியுதுன்னு கேட்டேன். எல்ஓஎஸ்னு போட்ட இடத்துல செவப்பா மினுக்குதாம். அப்படின்னா ஃபைபர் வழியா வர வேண்டிய ஒளி பெட்டிக்கு வந்து சேரலன்னு அர்த்தம், வைஃபைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பின்னாடி பாக்க சொன்னா, பச்சை முனை வச்ச மெல்லிசு ஒயர் டிவி ஸ்டாண்டுக்கும் செவுத்துக்கும் நடுவுல மடங்கி நசுங்கி கெடந்துருக்கு. உள்ள இருக்குறது முடி தடிமன்ல கண்ணாடி இழை, மடங்குனா ஒளி அங்கயே கசிஞ்சு போயிரும். ஸ்டாண்ட நகத்தி ஒயர வளையல் அளவுக்கு வட்டமா விட்டாங்க, கொஞ்ச நேரத்துல செவப்பு போயி, ஃபைபர் லைன் சரியா சேந்துருச்சுன்னு காட்டுற பான் (PON) லைட் பச்சையா நின்னுருச்சு. (அந்த ஒயர கழட்டுனா முனைய கண்ணுக்கு நேரா வச்சு பாக்காதீங்க, உள்ள வர்றது லேசர், கண்ணுக்கு தெரியாது ஆனா கெடுதல்.)

இப்ப வார்த்தைக்கு வரேன். வெளியில இருந்து வர்ற சிக்னல நம்ம கருவிங்களுக்கு புரியுற மாதிரி மாத்தி குடுக்குறது மோடம், ஃபைபர்ல அதுக்கு பேரு ஓஎன்டி. வந்த ஒரு கனெக்ஷன வீட்டுல இருக்குற போன், டிவி, லேப்டாப்புக்கெல்லாம் பிரிச்சு குடுக்குறது ரவுட்டர். இப்பல்லாம் ரெண்டும் ஒரே பெட்டியிலயே வர்றதாலதான் எல்லாரும் எதையும் மோடம்னே சொல்றாங்க.

உங்க போன்ல ஒரே பேர்ல ரெண்டு வைஃபை, ஒண்ணு பின்னாடி 5ஜின்னு தெரியுதுன்னா அது மொபைல் 5ஜி இல்லீங்க, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. இன்னொண்ணு 2.4. 2.4 செவுரு தாண்டி தூரம் போகும் ஆனா மெதுவு, அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்துலதான் முட்டிக்கும். 5 நல்லா வேகம், ஆனா ரெண்டு செங்கல் செவுரு தாண்டுனா திணறும். ஹால்ல இருக்குறப்ப 5, பின்கட்டுல இருக்குறப்ப 2.4, நான் இப்படிதான் வச்சுருக்கேன்.

அடுத்து எல்லாரும் ஏமாந்துட்டோம்னு நெனைக்கிற விஷயம், எம்பிபிஎஸ். பிளான்ல 100 எம்பிபிஎஸ்னு போட்டது செகண்டுக்கு 100 மெகா பிட், டவுன்லோட் ஆகறப்ப கம்ப்யூட்டர் காட்டுறது பெரும்பாலும் செகண்டுக்கு எத்தன மெகா பைட்டுன்னு. 8 பிட் சேந்தாதான் 1 பைட், அதனால செகண்டுக்கு 12.5 மெகா பைட் வந்தாலே உங்களுக்கு முழு வேகமும் வருதுன்னு அர்த்தம். 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டும், பெட்டில இருந்து கம்ப்யூட்டருக்கு போற லேன் ஒயர்ல 95 தாண்டலன்னா அந்த ஒயர் சொருகுற போர்ட்டே 100 வரைக்கும்தான் தாங்கும்னு இருக்கலாம், இல்ல ஒயர்ல ஒரு கம்பி விட்டுருக்கலாம், அத பாத்துட்டு அப்புறம் சண்டைக்கு போங்க.

கம்ப்ளெய்ன்ட் பண்றப்பவும் "வைஃபை வரல"ன்னு சொல்லாதீங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு சொல்லிட்டு வச்சுருவாங்க. "எல்ஓஎஸ் செவப்பா மினுக்குது, ஒயர் மடங்கல, செக் பண்ணிட்டேன்"னு சொல்லுங்க, லைன் பாக்க ஆள் அனுப்பணும்னு அவங்களுக்கே புரிஞ்சிரும்.