பைக்கோவைச் செருகினால் இணையம் நிற்பது ஏன்?

சோமனூர் நண்பருக்கு வணக்கம். தறி ஓட்டக் கணக்கைக் காட்டும் பக்கம் பைக்கோ என்ற சிறு மின்னணுப் பலகையிலிருந்து நன்றாகத் திறக்கிறது, ஆனால் யுஎஸ்பி கேபிளைச் செருகியதும் மடிக்கணினியில் இணையம் நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பலகையில் பழுதில்லை; கேபிளை மாற்றிச் செலவு செய்யாதீர்கள்.

பலகை ஒரு நெட்வொர்க் கார்டாகத் தோன்றி, டிஎச்சிபி (தானாக நெட்வொர்க் முகவரி வழங்கும் முறை) வழியே மடிக்கணினிக்கு முகவரி தரும்போது, தன்னையே கேட்வே, அதாவது வெளி இணையத்துக்குப் போகும் வாசல், என்றும் அறிவித்துவிடுகிறது. மடிக்கணினி அதை நம்பி எல்லாவற்றையும் அங்கே அனுப்புகிறது; அங்கிருந்து இணையத்துக்கு வழியில்லை. பல்லடத்தில் எங்கள் தறிக்குடோனிலும் இதே தொல்லைதான். கட்டளைத் திரையில் 'ஐபிகான்ஃபிக்' என்று அடித்தபோது இரண்டு கேட்வே முகவரிகள் தெரிந்தன.

பைக்கோ நிரலின் டிஎச்சிபி அமைப்பில் ரவுட்டர் (கேட்வே) முகவரியை 0.0.0.0 ஆக்கி, நிரலை மறுபடி ஏற்றுங்கள். வீட்டு ரவுட்டர் 192.168.1 வரிசை என்றால் பலகைக்கு 192.168.7.1 கொடுங்கள். இரண்டும் ஒரே வரிசையில் இருந்தால் பக்கமே திறக்காமல் போகலாம்.