கறண்ட் வந்தவுடனே மெசினைப் போடலாமோ?

போட்டோக்கொப்பி, பிறின்ற், ஸ்கான் மூண்டையும் ஒண்டாச் செய்யிற மெசினுகளை யாழ்ப்பாணத்தில கனகாலமாத் திருத்துறன். ஓன் பண்ணுறதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என்ர பதில்.

கேள்வி (கொக்குவில், கொப்பிக் கடை): அண்ணை, கறண்ட் நிண்டு வந்தவுடனே மெசின் தானா ஓன் ஆகுது. நல்லதுதானே?

நல்லதில்லை தம்பி. கறண்ட் நிக்கேக்க விழுற அடியை விட வரேக்க விழுற அடிதான் பெரிசு. 230 வோல்ட் நிக்கவேணும், ஆனா முதல் கொஞ்ச நேரம் ஏறி இறங்கும். 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினாங்கள் எல்லோ, அப்ப என்ர மேசை முழுக்கக் கருகின பவர் சப்ளை போர்ட்டுகள்தான். கறண்ட் நிண்டவுடனே சுவர் சுவிட்சை ஓஃப் பண்ணுங்கோ. வந்த பிறகு லைற் மினுங்காமல் எரியுதோ எண்டு பாத்து, ஒரு பத்து நிமிசம் கழிச்சுப் போடுங்கோ.

கேள்வி (பள்ளிக்கூட அலுவலகம்): சதுர முள் பிளக்கை அடப்டர் போட்டுப் பழைய 5 ஆம்பியர் பொயின்ரில குத்தியிருக்கிறம். பிழையோ அண்ணா?

பிழை தங்கச்சி. கணக்குப் பாருங்கோ. 5 ஆம்பியரை 230ஆல பெருக்கினா 1150 வாட். உங்கட மெசின் சூடேறேக்க 1500 வாட் இழுத்தா ஆறரை ஆம்பியர் வரும். போன மாசம் ஒரு கந்தோரில அடப்டரைக் கழட்டினன். முள்ளுக்குப் பக்கத்து பிளாஸ்ரிக் தேயிலைச் சாயம் மாதிரி மண்ணிறமாகி, ஒரு துளை இளகி வளைஞ்சு கிடந்தது. மெசின் மட்டும் வடிவா வேலை செய்துகொண்டு நிண்டது! அதுதான் பயம். எர்த் சரியா உள்ள 13 ஆம்பியர் பொயின்ர் ஒண்டை இதுக்கெண்டு தனியா இழுப்பியுங்கோ. எக்ஸ்டென்சன் வயரும் வேண்டாம், அதே பொயின்ரில கேத்திலும் வேண்டாம்.

கேள்வி: யூபிஎஸ்ஸில, அதுதான் கறண்ட் நிண்டா பற்றியில ஓடவிடுற பெட்டியில, மெசினைக் குத்தினா பீப் பீப் எண்டு கத்துது.

கத்தாமல் என்ன செய்யும்? ரோனர் எண்ட மைத்தூளை உருக்கிற உருளை 200 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாகும், அதுக்குத்தான் அவ்வளவு வாட் இழுக்குது. சின்ன 650 விஏ யூபிஎஸ் 400 வாட்டும் தாங்காது. கொம்பியூட்டரை மட்டும் அதில விடுங்கோ.

கேள்வி (பருத்தித்துறை): முன்னால ஒரு பட்டன், கதவுக்குள்ள ஒரு சுவிட்ச். எதை அமத்துறது?

போடேக்க சுவர், உள் சுவிட்ச், பிறகு முன் பட்டன். நிப்பாட்டேக்க மறுவளமா ஐயா: முன் பட்டனை அமத்தி, திரை முழுசா இருண்ட பிறகு உள் சுவிட்ச். கன மெசினுக்குள்ள ஹார்ட் டிஸ்க் இருக்கு, அது எழுதிக்கொண்டு இருக்கேக்க புடுங்கினா பழுதாகும். திரும்பப் போடுறதெண்டா அரை நிமிசமாவது விடுங்கோ.

கேள்வி: ஏசி அறையில இருந்த மெசினை மாரி மழைக்குள்ள எங்கட ஒவீசுக்குக் கொண்டுவந்திட்டம். உடனே போடலாமோ?

ஃபிறிஜ்ஜால எடுத்த போத்தல் வேர்க்கிற மாதிரி உள்ளுக்கு ஈரம் பிடிச்சிருக்கும். இரண்டு மணித்தியாலம் சும்மா விடுங்கோ. கொண்டுவரேக்க உள் பாகங்கள் ஆடாமல் இருக்க ஒட்டின ரேப் எல்லாம் கழட்டியாச்சோ எண்டும் பாருங்கோ.

கேள்வி: போட்டவுடனே ட்ரிப் சுவிட்ச் விழுது. நாலைஞ்சு தரம் தூக்கிப் பாத்தம்.

ஒருக்காத் தூக்கினது காணும். பிளக்கைக் கழட்டி வைச்சிட்டு ஆளைக் கூப்பிடுங்கோ. கடைசியா இப்பிடிக் கூப்பிட்ட இடத்தில, போர்ட்டுக்குக் குறுக்கால ஒரு பல்லி காய்ஞ்சு ஒட்டியிருந்தது.