காடி தடவிப் பார்க்கும் பரிசோதனை: கருப்பைவாய்ப் புற்றுநோய் குறித்த கேள்வி பதில்

கேள்வி (சுகாதாரத் தன்னார்வலர், ஒட்டன்சத்திரம்): காடியைத் தடவியே கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறியலாம் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: முதன்மையாகத் தேடுவது புற்றுநோயை அன்று, பல ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிடும் செல் மாற்றத்தை. காடி (வினிகர்) எனப்படும் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலக் கரைசலைக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறிய பகுதி வெண்மையாகத் தெரியும். நம்பலாமா என்பதற்கு உங்கள் ஊருக்கு அருகிலேயே விடை கிடைத்தது. அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களைச் செவிலியர்கள் ஒரே ஒரு முறை இவ்வாறு பரிசோதித்தனர்; பரிசோதனைக்குரிய குழுவில் சுமார் 49,000 பேரும் ஒப்பீட்டுக் குழுவில் சுமார் 31,000 பேரும் இருந்தனர். 2007இல் வெளியான முடிவின்படி முதற்குழுவில் நோய் 25 சதவீதமும் அதனால் நேரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

கேள்வி (மருத்துவ மாணவி): உஸ்மானாபாத் ஆய்வில் இதே முறை பலன் தரவில்லையே?

பதில்: உண்மைதான். மகாராஷ்டிரத்தின் அந்த ஆய்வில், இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸைத் தேடும் ஒரே ஒரு பரிசோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. காடி முறையால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. காடி முறை பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் விளக்கின் வெளிச்சத்தையும் நம்பியிருப்பதே அதன் பலவீனம் என்பது என் கருத்து. உலக சுகாதார நிறுவனமும் 2021 முதல் எச்.பி.வி. மரபணுப் பரிசோதனையையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. அதற்கு ஆய்வகமும் பணமும் தேவைப்படுவதால், அவை வந்து சேரும்வரை காடியைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: எனக்கு வயது 54; மாதவிடாய் நின்றுவிட்டது. இம்முறை போதுமா?

பதில்: போதாது. வயது ஏறும்போது பார்க்க வேண்டிய பகுதி கருப்பைவாய்க் குழாயினுள் சென்றுவிடும். எச்.பி.வி. பரிசோதனையையோ, கருப்பைவாய்ச் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் பரிசோதனையையோ கேளுங்கள்.

கேள்வி (கிராம சுகாதார செவிலியர்): உள்ளே பார்ப்பார்கள் என்றாலே பெண்கள் கூச்சப்பட்டு வர மறுக்கிறார்கள்.

பதில்: எச்.பி.வி. பரிசோதனைக்கான மாதிரியை அவர்களே மறைவிடத்தில் பஞ்சுக்குச்சியால் எடுத்துத் தரலாம். காடி முறைக்கு அந்த வசதி இல்லை. பெண் பணியாளரும் திரையும் கட்டாயம்.

கேள்வி: என் அக்காவுக்கு வெண்மை தெரிந்ததாம். புற்றுநோய்தானா?

பதில்: பெரும்பாலும் இல்லை, அழற்சியாலும் வெண்மை தெரியும். புற்றுக்கு முந்தைய சிறிய மாற்றமாயின், வாயுவால் உறையவைத்தோ வெப்பக் கருவியால் சுட்டோ அன்றே அகற்றிவிடலாம். மயக்க மருந்தோ அறுவை அரங்கோ தேவையில்லை. பகுதி பெரிதாயிருந்தாலோ குழாயினுள் நீண்டிருந்தாலோ மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வந்த பெண்ணிடம் "அடுத்த வாரம் வாருங்கள்" என்றால், அந்த அடுத்த வாரம் வராமலே போகக்கூடும். ஆகவே உங்கள் அக்காவிடம் அன்றே சிகிச்சை தரப்பட்டதா என்று இன்றே கேளுங்கள். இல்லையெனில் பரிந்துரைச் சீட்டுடன் நீங்களே உடன் செல்லுங்கள்.