படிக்கட்டும் இசைத்தட்டும்

அன்புள்ள சார்,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். இசை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவள். கல்லூரியில் படிக்கும்போது சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலிதான். வேலை வீட்டிலிருந்தே. மிச்ச நேரமெல்லாம் பாட்டு.

எனக்குப் பிடித்த கச்சேரிகள், ஆல்பங்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். ஆல்பங்கள் மளமளவென்று வந்துவிட்டன. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 'நத்திங் பட் விண்ட்', நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம், பாடகர்கள் மதுரை மணி ஐயர், ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்பிரமணியம்) பதிவுகள் என்று பக்கம் நிறைந்துவிட்டது. கச்சேரி என்று இரண்டுதான் எழுத முடிந்தது. ஒன்று, ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் புறப்பாட்டின்போது ரதவீதியில் கேட்ட நாகஸ்வரம். இன்னொன்று, அண்ணன் டிசம்பரில் சென்னைக்குக் கூட்டிப்போய்க் காட்டிய ஒரு சபா கச்சேரி. வாசலில் ஏழு படி. நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால், நடக்கிற வழியில் இடம் கிடைத்தது. கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது என்று முன்பே தெரிந்ததால் மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. ஒரே நிலையில் உட்கார்ந்தால் புண் வந்துவிடும். அவ்வப்போது கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டும் முடிந்து கைதட்டும்போது அதைச் செய்துகொண்டேன். நடுவில் கைதட்டலே இல்லாமல் நீளும் ராகம் தானம் பல்லவி ஆரம்பித்ததும் திண்டாடிவிட்டேன். ஆனாலும் அன்று கேட்ட கரகரப்பிரியா ராகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

குடும்ப நண்பர் ஒருவர், பெரிய ரசிகர், பட்டியலைப் பார்த்துவிட்டு, "நேரில் கேட்காமல் ரசனை எப்படிம்மா வரும்?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும், "ஆனா வீட்டில் தனியாகக் கேட்டால் ஆழமாகக் கேட்கலாம், அது உனக்குக் கொடுப்பினைதான்" என்றார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அப்புறம், என்னைப் போன்ற உடல்நிலையில் இருந்த இசைக்கலைஞர்கள் யாரையாவது சொல்லுங்கள். கேட்க ஆசை.

எஸ்.

---

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் முதலில் சொன்னது தவறு. சமாதானத்துக்காகச் சொன்னது பாதி சரி. பாதி சரியாக இருப்பதால் அதைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

முதல் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஜி.என்.பி. காலமானது 1965-ல். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1967-ல். மதுரை மணி ஐயர் 1968-ல். இன்று ஐம்பது வயதில் இருக்கும் ஒருவர் இவர்களில் யாரையும் நேரில் கேட்டிருக்க வழியே இல்லை. ஆனால் சபா கேன்டீனில் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு "என்ன இருந்தாலும் ஜி.என்.பி. மாதிரி வருமா" என்று சண்டை போடுகிறவர்களுக்குக் குறைச்சல் இல்லை. அவர்கள் கேட்டதெல்லாம் வானொலியிலும் இசைத்தட்டிலும், யாரோ ஒரு புண்ணியவான் ஸ்பூல் டேப்பில் பதிந்து வைத்துவிட்டுப் போன கச்சேரிகளிலும்தான். அவர்களை யாரும் ரசனை இல்லாதவர்கள் என்று சொல்வதில்லை. உங்கள் நண்பரிடம் அவருக்குப் பிடித்த பாடகர்கள் யார் யார் என்று கேளுங்கள். அதில் எத்தனை பேரை நேரில் கேட்டார் என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள்.

2020 டிசம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். கொரோனா தொற்று காரணமாக சென்னையின் டிசம்பர் கச்சேரி சீசன் இணையத்துக்குப் போயிற்று. நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு வருடம் உங்கள் இடத்தில் இருந்தார்கள்: வீடு, திரை, ஹெட்போன். நேரில் கேட்பது போல் இல்லை என்று புலம்பினார்கள். நியாயமான புலம்பல். ஆனால் அந்த வருடம் தங்கள் ரசனை போய்விட்டது என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்கள் பட்டியலில் முதலில் நிற்கும் 'ஹவ் டு நேம் இட்' எந்தக் கச்சேரியின் பதிவும் கிடையாது. 1986-ல் ஒலிப்பதிவுக் கூடத்துக்காகவே எழுதப்பட்டு அங்கேயே உருவானது. தியாகராஜரையும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கையும் மனதில் வைத்து இளையராஜா எழுதியது. வி.எஸ். நரசிம்மனின் வயலின். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற துண்டில் பாக்கின் வயலின் பார்ட்டிட்டா (பல துண்டுகளைக் கோத்த இசைத்தொகுதி) ஒன்றின் முகப்புப் பகுதி ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் நம் ராகம் வந்து உட்காரும். இதை அரங்கில் நேரில் கேட்டால்தான் புரியும் என்று யாராவது சொல்ல முடியுமா? அந்த ஆல்பத்துக்கு அரங்கே ஸ்பீக்கர்தான். இரண்டு வருடம் கழித்து ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த 'நத்திங் பட் விண்ட்' பற்றியும் இதையே சொல்வேன்.

ராஜரத்தினம் பிள்ளையின் தோடி வேறு கதை. கோயில் வீதியில் மணிக்கணக்காக ஊதுகிறவர், பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் சில நிமிடங்களுக்குள் தோடியை அடக்க வேண்டியிருந்தது. அடக்கினார். வீதியில் ஊதியது அன்றோடு போயிற்று. தட்டில் ஊதியதை நம் தாத்தாக்கள் ஒவ்வொரு பிடியாக, ராகத்தின் ஒவ்வொரு துணுக்காக, மனப்பாடம் செய்தார்கள். திரும்பத் திரும்பக் கேட்பதால் மட்டுமே கிடைக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது, அது அரங்கில் கிடைக்காது. உங்களுக்கு அது நிறையவே இருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

இந்த அளவுக்கு நண்பரின் இரண்டாவது பேச்சு சரி. ஆனால் அவர் கடைசியில் சேர்த்த "கொடுப்பினை" என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டில் கேட்பது நல்லது என்பது ஒரு விஷயம். உங்களால் அரங்குக்குள் போக முடியவில்லை என்பது வேறு விஷயம். முதலாவதை எடுத்து இரண்டாவதின் மேல் போட்டு மூடுவதுதான் இங்கே நடக்கிறது. நேரில் கேட்பதில் எதுவும் இல்லை என்று நான் சொன்னால் அது பொய். பாடகர் முன்வரிசை முகங்களைப் பார்த்து ஆலாபனையை நீட்டுவதும் சுருக்குவதும் அரங்கில்தான் தெரியும். வயலின்காரர் ஒரு நல்ல பிடியைத் திருப்பி வாசித்ததும் பாடகர் "பலே" என்று தலையாட்டுவது, மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடது பக்கம்) நெஞ்சில் வந்து இடிப்பது, இதெல்லாம் பதிவில் பாதிதான் வரும். (நம் சபாக்கள் பலவற்றில் மைக்கை அலற விட்டு இதையும் கெடுத்துவிடுகிறார்கள், அது தனிப் புலம்பல்.) நீங்கள் இழப்பது நிஜமான ஒன்று. உங்கள் கரகரப்பிரியாவே அதற்குச் சாட்சி.

அதை இழக்கச் செய்வது உங்கள் முதுகுத்தண்டு என்று நினைக்காதீர்கள். ஏழு படிகள், ஒரு குறுகலான கதவு, அவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதன் 29-வது பிரிவு கலை, பொழுதுபோக்கு பற்றியே பேசுகிறது. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் தனியாருடையதாக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் பொதுக் கட்டடம்தான். பழைய கட்டடங்களை ஐந்து வருடத்துக்குள் மாற்ற வேண்டும் என்கிறது 45-வது பிரிவு. விதிகள் 2017-ல் வந்தன. அந்தக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் வசதியைப் பற்றிய விதி வெறும் பரிந்துரை மாதிரி இருக்கக்கூடாது, மீற முடியாத கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இதைச் சொன்னால் "பழைய கட்டடம் சார், என்ன பண்றது" என்பார்கள். சாய்தளத்துக்கு வழக்கமான கணக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஏழு படி என்றால் மூன்றரை அடி உயரம் இருக்கும்; நாற்பது அடிக்கு மேல் சாய்தளம் வேண்டும், நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு சமதளம் வேண்டும். முன்வாசலில் இடம் இல்லாமல் இருக்கலாம். மேடைக்கு வாத்தியங்களையும் ஸ்பீக்கரையும் ஏற்றுகிற பக்கவாசலைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லுங்கள், அங்கே பெரும்பாலும் படி குறைவு. இரண்டு படிக்கு ஒரு பலகையைச் செங்குத்தாகச் சாய்த்துவிட்டு "ராம்ப் போட்டாச்சு" என்று சொல்லும் இடங்களும் உண்டு. அதில் ஏறுவதைவிட நாலு பேர் தூக்குவதே பாதுகாப்பு.

இதில் ஒரு வேடிக்கை. எழுந்து நின்று ஆடும் சினிமாப் பாட்டு நிகழ்ச்சிகளில் நாற்காலியில் இருப்பவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும்; தனியாக உயர்ந்த மேடை போட்டால்தான் உண்டு. கர்நாடகக் கச்சேரியில் எல்லோரும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தே இருக்கிறோம். சக்கர நாற்காலிக்கு இதைவிடத் தோதான கலை கிடையாது. வரிசையின் ஓரத்தில் இரண்டு இருக்கைகளைக் கழற்றினால் போதும், உங்களுக்கும் அண்ணனுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்துவிடும். வழியில் உட்கார வைத்ததால் மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு ஓடும் கூட்டமெல்லாம் உங்களை இடித்துக்கொண்டு போயிருக்கும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் நடந்திருக்கும்.

உங்கள் இன்னொரு கச்சேரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சுவாமி புறப்படும்போது, புறப்பாட்டுக்கென்றே உள்ள மல்லாரியை ஊதிக்கொண்டு நாகஸ்வரம் தெருவுக்கு வந்துவிடுகிறது. படி ஏற முடியாதவர், கோயிலுக்குள் போக முடியாத நோயாளி, ஒரு காலத்தில் உள்ளே விடப்படாத சாதிக்காரர் என்று பலருக்கும் அது எட்டியது. உங்கள் பட்டியலில் அதுவும் சபா கச்சேரியும் ஒரே பக்கத்தில் இருப்பது சரியாகவே இருக்கிறது.

கலைஞர்களைப் பற்றிக் கேட்டீர்கள். தன்னம்பிக்கைக் கதையாக எழுதிவிடுவோமோ என்ற பயத்தில் இப்படிப் பட்டியல் போடுவதைத் தவிர்ப்பேன். வயலின் வித்வான் எம். சந்திரசேகரனுக்குச் சிறுவயதிலேயே பார்வை போய்விட்டது; 2005-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது. ஆனால் அவர் வயலினில் அது எங்கேயும் கேட்காது, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது வேறு இரண்டு பேரை.

ராபர்ட் வயட், ஆங்கிலேயர், 'சாஃப்ட் மெஷின்' என்ற ராக் குழுவின் டிரம்மராக இருந்தவர். 1973 ஜூனில் லண்டனில் ஒரு விருந்தில் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயல் போயிற்று. டிரம்ஸில் பாஸ் டிரம் என்ற பெரிய முரசை அடிப்பதும் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டுகளை மிதித்துத் திறந்து மூடுவதும் கால்கள்தான். ஆக, அந்தத் தொழில் முடிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த பியானோவில் பாட்டுகளைச் செப்பனிட்டார். 1974 ஜூலையில் 'ராக் பாட்டம்' ஆல்பம் வந்தது. தயாரித்தவர் பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் டிரம்மர் நிக் மேசன். கேட்கிறவர்கள் எல்லோரும் அதில் விபத்தின் வலியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆனால் அதில் பெரும்பகுதியை விழுவதற்கு முன்பே, வெனிஸில் தங்கியிருந்தபோது, அவர் எழுதத் தொடங்கிவிட்டார். 'சீ சாங்' என்ற முதல் பாட்டைக் கேளுங்கள். அது ஒரு காதல் பாட்டு, கொஞ்சம் கிறுக்குத்தனமான காதல் பாட்டு. அதே வருடம் பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில், குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சியில் சக்கர நாற்காலி வேண்டாமே என்றார் தயாரிப்பாளர். வயட் சண்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். செப்டம்பரில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் பெரிய கச்சேரி ஒன்று. அந்தப் பதிவு 2005-ல்தான் ஆல்பமாக வந்தது. அதற்குப் பிறகு அவர் மேடை ஏறியது மிக அபூர்வம். பல பத்தாண்டுகள் ஆல்பம், ஆல்பம், ஆல்பம்தான். உங்கள் பட்டியலைப் பார்த்ததும் இவர் ஞாபகம்தான் வந்தது.

இரண்டாமவர் கர்டிஸ் மேஃபீல்ட், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர். 1990 ஆகஸ்டில் புரூக்ளினில் திறந்தவெளி மேடையில் காற்றில் விளக்குக் கோபுரம் சரிந்து அவர்மேல் விழுந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் இயங்கவில்லை. கிதார் போயிற்று. உட்கார்ந்து பாட மூச்சு போதவில்லை. மல்லாக்கப் படுத்தால் நுரையீரலுக்குக் கொஞ்சம் வலு கிடைத்தது; அப்படியே ஓரிரு வரியாகப் பாடிப் பாடிச் சேர்த்ததுதான் 1996-ல் வந்த 'நியூ வேர்ல்ட் ஆர்டர்' ஆல்பம். இதில் உடம்பு குரலில் கேட்கிறது. வரிகள் குட்டையாக இருக்கும், வார்த்தைகளுக்கு நடுவில் இடைவெளி இருக்கும். எழுபதுகளில் அவர் பாடியதைக் கேட்டுவிட்டு இதைக் கேளுங்கள். எனக்கு எல்லாப் பாட்டும் பிடிக்காது. சிலவற்றில் பின்னணி இசை தேவைக்கு மேல் பளபளக்கிறது. ஆனால் இதை எந்த மேடையிலும் நேரில் கேட்டிருக்க முடியாது, ஒலிப்பதிவுக் கூடத்தில் மட்டுமே பிறந்திருக்க முடியும். உங்கள் நண்பருக்கும் போட்டுக் காட்டுங்கள்.

டிசம்பர் விஷயம். டிக்கெட் வாங்குமுன் சபா செயலாளருக்கு எழுதிக் கேளுங்கள். போனில் பேசினால் "வாங்கம்மா, பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுவார்கள், மின்னஞ்சல் என்றால் பதில் எழுத்தில் இருக்கும். படி எத்தனை, கழிப்பறைக் கதவு 90 சென்டிமீட்டர் இருக்கிறதா, நாற்காலி நிற்கும் இடத்திலிருந்து மேடை தெரியுமா, இந்த மூன்றையும் கேளுங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நானும் தனியாக எழுதுகிறேன். ராகம் தானம் பல்லவியின் நடுவில் கையை ஊன்றி எழுவதற்குக் கைதட்டல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் தொடையில் தாளம் போடுகிறேன் என்று அதைவிடச் சத்தம் செய்துகொண்டுதான் இருப்பார்.